திருகோணமலை என்று பெயர் வைத்த கப்பல்: ஹார்ட்டில்பூலில் ஒரு வார இறுதி

ஜூன் 16, 2023, வெள்ளி. சீட்டன் கேரூ

லீட்ஸில் கிளம்பும்போது 26 டிகிரி. இங்கிலாந்தில் இப்படி ஒரு வாரம் வருடத்துக்கு ஒருமுறை வரும், வரும்போது எல்லாரும் கடற்கரைக்கு ஓடுவார்கள், நாங்களும் ஹார்ட்டில்பூலை ஒட்டிய சீட்டன் கேரூவுக்கு ஓடினோம். நண்பன் கார் ஓட்ட, பின்சீட்டில் அவனுடைய அம்மா. திருகோணமலையிலிருந்து மகனைப் பார்க்க லண்டன் வந்திருக்கிறார். அவருடைய ஊர்ப் பெயரில் 1817இல் கட்டிய ஒரு போர்க்கப்பல் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்னும் மிதக்கிறது என்று நான்தான் எப்போதோ உளறிவைத்தேன். அன்றிலிருந்து லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை எதைக் காட்டினாலும் "அந்தக் கப்பல் எப்ப?" என்றுதான் கேட்டாராம்.

ஏ19 சாலையில் மிடில்ஸ்பரோ தாண்டும்வரை நல்ல வெயில். கடலை நெருங்க நெருங்க எதிரே வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. உள்ளே நுழைந்ததும் காரின் வெப்பமானி 26இலிருந்து 13க்கு இறங்கிவிட்டது. இந்தக் கரையில் கோடையில் இது சகஜமாம், ஃப்ரெட் என்கிறார்கள். வெதுவெதுப்பான காற்று சில்லென்ற வடகடல் மேல் தவழும்போது பனிமூட்டமாகி, அப்படியே கரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து மைல் உள்ளே போனால் ஆட்கள் சட்டையில்லாமல் புல்வெளியில் படுத்திருக்கிறார்கள், இங்கே அம்மா சால்வைக்கு மேல் மகனுடைய ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு "சரியான குளிர், தம்பி, இதுக்கா கோடை எண்டு பேர்?" என்கிறார்.

தங்குமிடத்தில் ஒரு கூத்து. இரண்டு அறை பதிவு செய்திருந்தோம், ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று ஜூலையில் பதிவாகியிருக்கிறது என்றார்கள். கைப்பேசியில் இருந்த ரசீதில் தெளிவாக ஜூன் 16. அதைக் காட்டிய பிறகு அரை மணி நேரம் யோசித்து, சமையலறைக்கு மேலே ஒரு அறையைத் திறந்துவிட்டார்கள். இரவுக்கு 65 பவுண்டு. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்றார் அந்தப் பெண்மணி. திறந்தோம், பனிமூட்டம் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு மீனும் சிப்ஸும் என்பது முன்பே முடிவானது. கடற்கரைச் சாலையில் வரிசையாகக் கடைகள். முதல் கடையில் நுழைந்து மூன்று பொட்டலம் சொல்லப் போகும்போது, கல்லாவில் இருந்த பெண் அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நாங்கள் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறோம், உங்களுக்கு அது பரவாயில்லையா?" என்று கேட்டார். நாங்கள் கேட்கவே இல்லை. வடக்கு இங்கிலாந்தில் பல கடைகளில் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்புதான், சுவை அதில்தான் என்று பெருமையாகவே சொல்வார்கள். லீட்ஸில் இத்தனை காலம் இருக்கிறேன், எந்தக் கடையிலும் யாரும் எனக்கு இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் கடைக்கு வெளியே வந்து, தாவர எண்ணெயில் பொரிக்கும் கடை எது என்று கைகாட்டிவிட்டும் போனார். வரும் வியாபாரத்தை விட்டுவிட்டு!

அந்த இரண்டாவது கடையில் ஹாடக் மீன், சிப்ஸ், 9 பவுண்டு 80 பென்ஸ். கூடவே உதிர்ந்த மாவுப் பொரியல் இலவசம். மீன் அருமை, சிப்ஸ் சுமார். அம்மா கைப்பையிலிருந்து சின்ன ஹார்லிக்ஸ் பாட்டிலில் கட்டைச் சம்பல் எடுத்தார், இடித்த மிளகாய்த் துவையல். அதற்கப்புறம் சிப்ஸும் அருமை. கடற்கரை பெஞ்சில் நண்பன் பாதி மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ வியாக்கியானம் செய்ய, ஒரு கடற்காகம் பின்னாலிருந்து வந்து மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஜூன் 17, சனி. கப்பல்

காலை ஆறுக்கே அறை முழுக்கப் பேக்கன் வாசனை. சமையலறைக்கு மேலே படுத்தால் வேறென்ன.

ஹார்ட்டில்பூல் ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றிய, கப்பல் கட்டிய ஊர். வில்லியம் கிரே என்ற பெரிய கப்பல் கட்டும் நிறுவனம் இங்கேதான் இருந்தது, 1960களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். பாழாய்க் கிடந்த பழைய கப்பல் துறைகளைச் சுத்தம் செய்து படகுத்துறையும் கடைகளும் ஆக்கி, ஒரு ஓரத்தில் இந்த அருங்காட்சியகம். பிரிட்டிஷ் கடற்படையின் தேசிய அருங்காட்சியகத்துக்கு இது ஒரு கிளை.

உள்ளே போனதும் 18ஆம் நூற்றாண்டுத் துறைமுகத் தெரு ஒன்று. துப்பாக்கி செய்பவர், வாள் செய்பவர், தையல்காரர், அச்சுக்காரர், எல்லாம் பொம்மைகள். கட்டடங்கள் பார்க்கப் பழசு, ஆனால் அத்தனையும் 1990களில் கட்டியவை. பிள்ளைகளோடு வந்தவர்கள் அங்கேயே அரை நாள் கழிக்கிறார்கள். எனக்கு செட் போட்ட இடத்தில் நடப்பது ஒத்துவராது, வேகமாக நடந்துவிட்டேன். அம்மாவுக்குத் தையல்கடை பிடித்தது. பொத்தான் துளை போட்டிருந்த நேர்த்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருவின் நடுவே, தண்ணீரில், அசல்.

கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டை, பட்டையில் சதுரம் சதுரமாகப் பீரங்கி வாய்கள், மேலே மூன்று பாய்மரங்கள். மூன்றுக்கும் உச்சி இல்லை, பனிமூட்டம் தின்றுவிட்டது. எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. இன்றும் தண்ணீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுதான் மிகப் பழையது. கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் இதைவிட மூத்தது, ஆனால் அது போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கிறது.

ஏறுகிற இடத்தில் ஒரு தன்னார்வலர், எழுபதைத் தாண்டியவர், அப்பா கிரே பட்டறையில் வேலை பார்த்தவராம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். நண்பன் "அம்மா டிரிங்கோமலியிலிருந்து" என்றான். அவருக்குச் சரியாகப் புரியவில்லை, "ஆமாம், இதுதான் டிரிங்கோமலி" என்றார். இல்லை, அந்த ஊரிலிருந்து, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்று விளக்கியதும் மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டார், இன்னும் மூன்று பேர் வந்துசேர்ந்தார்கள், அம்மாவைக் கப்பலின் முகப்புச் சிலைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். முகப்பில் இருப்பது தலைப்பாகை கட்டி மீசை வைத்த ஓர் இந்திய ஆள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம், "ஆர் தம்பி உது? எங்கட ஊரில ஆர் இப்பிடித் தலைப்பாகை கட்டினவை?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் சிரிக்காமல், "நியாயமான புகார்தான், ஆனால் இருநூறு வருடம் தாமதமாக வந்திருக்கிறது" என்றார்.

அவர் சொன்ன கதையில் எனக்குப் பிடித்தது இந்தக் கப்பல் எல்லாவற்றுக்கும் தாமதமாகவே வந்தது என்பதுதான். நெப்போலியனோடு சண்டை போட்டுப் போட்டு பிரிட்டனில் ஓக் மரம் தட்டுப்பாடு. சரி, பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டலாம் என்று 1812இல் முடிவு செய்தார்கள். வரைபடங்களை எச்.எம்.எஸ். ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். பிரேசில் கரைக்கு அப்பால் கான்ஸ்டிடியூஷன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அதை அடித்து நொறுக்கியது, வரைபடமும் போயிற்று. மறுபடி அனுப்பி, அது பம்பாய் போய்ச்சேர்ந்து, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா வேலையை முடித்து, 1817 அக்டோபர் 12இல் கடலில் இறக்கியபோது நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் சிறையில் இருந்தார். சண்டை முடிந்து இரண்டு வருடம்! இங்கிலாந்துக்குப் போகும் வழியில் 1819 ஜனவரியில் அந்தத் தீவுக்கே போய், அங்கே நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோக்கோ என்ற மருத்துவரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. எந்த ஆளோடு சண்டை போடக் கட்டினார்களோ, கடைசியில் அவருடைய டாக்டருக்குச் சவாரி. போர்ட்ஸ்மத் வந்ததும் வேலை இல்லை என்று ஓரமாகக் கட்டிப்போட்டுவிட்டார்கள், 1845 வரை.

வாடியாக்கள் பார்சிகள். அடிமரம் வைக்கும்போது தங்கள் முறைப்படி சடங்கு செய்து வெள்ளி ஆணி ஒன்றை அடித்தார்களாம். இதைக் கேட்டதும் அம்மா தலையாட்டினார். பூஜை போடாமல் ஒரு வேலையும் தொடங்கக் கூடாது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

மேல்தளம், பீரங்கித் தளம், அதற்குக் கீழே மாலுமிகள் படுத்து, சாப்பிட்டு, நாறிக் கிடந்த தளம். கீழே போகப்போகக் கூரை இறங்கிக்கொண்டே வருகிறது. நண்பன் ஆறடி, பாவம், எண்ண ஆரம்பித்துப் பிறகு விட்டுவிட்டான், ஒவ்வொரு உத்தரத்திலும் ஒரு முத்தம். அம்மா நாலடி பத்து அங்குலம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தளபதியாக நடந்தார். கித்தான் தூளி ஒன்றுக்கு 14 அங்குல அகலம்தான் இடம். பாதிப் பேர் காவலில் நிற்கும்போது மீதிப் பேர் தூங்குவார்கள் என்பதால் கொஞ்சம் மூச்சுவிட முடியும். முந்நூறு பேர்வரை இருந்த கப்பல் என்று நினைத்துக்கொண்டு அந்த இருட்டில் நின்றால் கழுத்து தானாகவே குனிகிறது. மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த பிஸ்கட்டைத் தட்டிப் பார்த்தேன், மேசையைத் தட்டிய சத்தம்தான் வந்தது. தப்பு செய்த மாலுமிகளை அடிக்கும் ஒன்பது வால் சாட்டையும் தொங்குகிறது. அதன் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், ஒருவன் இன்னொருவன் முதுகைக் காட்டச் சொல்கிறான்.

சமையலறை இரும்படுப்பின் முன்னால் அம்மா நெடுநேரம் நின்றார். புகை எங்கே போகும், தண்ணீர் எங்கே வைத்தார்கள், காற்றடித்தால் பானை கவிழாதா என்று கேள்விமேல் கேள்வி. பெரியவர் ஒன்றுக்கும் சளைக்கவில்லை. காற்றும் அலையும் மீறினால் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அன்றைக்கு ஆறிய சோறுதான் என்று நான் தமிழில் சொல்லிவைத்தேன்.

தேக்கு ஏன் நின்றது என்பதை அவர் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். ஓக் மரத்தில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும், ஆணி போனால் பலகை கழன்றுவிடும். தேக்கில் எண்ணெய், ஆணியும் பிழைக்கும், பூச்சியும் அண்டாது. இன்று நாம் தொடுகிற மரத்தில் பெரும்பகுதி பம்பாயில் வைத்த அதே மரம். அதே வாடியா பட்டறையில்தான் 1813இல் எச்.எம்.எஸ். கார்ன்வாலிஸும் கட்டினார்கள். சீனாவிடமிருந்து ஹாங்காங்கை எழுதி வாங்கிய 1842 நான்கிங் ஒப்பந்தம் அதில் வைத்துத்தான் கையெழுத்தானது. மலபார் காட்டு மரம் எங்கெல்லாம் போய் என்னென்ன வேலைக்குத் துணை நின்றிருக்கிறது என்று நினைத்தால் பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் மர நேர்த்தி பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அந்த மரத்தை வெட்டி இழுத்தவர்கள் பற்றி நான் பார்த்தவரையில் ஒன்றுமில்லை.

அம்மா பேசாமல் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தார். அவருடைய அப்பா திருகோணமலைக் கடற்படைத் துறையில், வெள்ளைக்காரன் காலத்தில், தச்சுவேலை பார்த்தவர். 1957இல் பிரிட்டிஷார் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போகும்வரை அங்கேதான் வேலை. "அப்பா பாத்திருந்தா பிழை கண்டுபிடிச்சிருப்பார்" என்றார் அம்மா. அப்புறம் குனிந்து, ஒரு மூட்டைத் தடவிப் பார்த்து, "இல்ல, பிழை இல்ல, வடிவாத்தான் செய்திருக்கிறாங்கள்."

1897இல் இதை உடைக்க விற்றேவிட்டார்கள். வீட்லி காப் என்ற பணக்காரர் வாங்கினார். அவர் ஏற்கெனவே வைத்திருந்த ஃபூட்ராயன்ட் என்ற கப்பல் அதே வருடம் பிளாக்பூலில் கரைதட்டி உடைந்ததால், அந்தப் பெயரையே இதற்கும் வைத்து, சிறுவர்களுக்குக் கடல்பயிற்சி தரும் கப்பலாக்கினார். அப்படி 1986 வரை ஓடியது. போர்ட்ஸ்மத்தில் பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு பழைய கப்பல் இம்பிளாக்கபிள், நெப்போலியன் காலத்து டிரஃபால்கர் கடற்சண்டையைப் பார்த்தது, பழுது பார்க்கக் காசில்லை என்று 1949இல் கடற்படையே வெடிவைத்து மூழ்கடித்தது. சண்டைக்குப் போனது கடலடியில். 1987இல் இதை ஒரு மிதவையில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள், பழுதுபார்த்து முடிய 2001 ஆகிவிட்டது. வேலையில்லாமல் தவித்த ஊர், கைத்தொழில் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், கப்பல் அவர்களிடம் வந்தது. பழைய பெயர் 1992இல் திரும்பக் கிடைத்தது.

இரண்டு மணிக்குப் பனிமூட்டம் சட்டென்று விலகியது. பாய்மர உச்சிகள் தெரிந்தன. மறுபடி எல்லாரையும் நிறுத்திப் படம்.

பக்கத்திலேயே ஹார்ட்டில்பூல் நகர அருங்காட்சியகம், நுழைவு இலவசம். அதையொட்டி விங்ஃபீல்ட் காஸில், 1934இல் இதே ஊரில் கிரே கட்டிய துடுப்புச்சக்கர நீராவிப் படகு, ஹம்பர் ஆற்றில் ஹல்லுக்கும் நியூ ஹாலந்துக்கும் நடுவே 1974 வரை ஆட்களை ஏற்றியது. நாங்கள் வெளியே நின்றுதான் பார்த்தோம். ஊரின் குரங்குக் கதையும் எங்கும் கிடைக்கும். நெப்போலியன் காலத்தில் உடைந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து கரையேறிய குரங்கை, பிரெஞ்சு ஒற்றன் என்று விசாரித்துத் தூக்கில் போட்டார்களாம். அடுத்த ஊர்க்காரர்கள் இன்னும் இதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள், இவர்களோ கால்பந்துக் குழுவுக்கே குரங்கைச் சின்னமாக்கிவிட்டார்கள். அந்தக் குரங்கு வேடம் போட்ட ஸ்டூவர்ட் டிரம்மண்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று வாக்குறுதி கொடுத்து 2002 மேயர் தேர்தலில் நின்று ஜெயித்தேவிட்டார். மறுபடியும் இரண்டு முறை ஜெயித்தார்.

இரவு பார்மோ. இந்த டீஸ் ஆற்றுப் பகுதியின் சொந்தச் சாப்பாடு: கோழி நெஞ்சுக்கறியைத் தட்டையாக அடித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே வெள்ளைச் சாஸும் சீஸும் உருக்கி ஊற்றியது. 10 பவுண்டு. தட்டு ஸ்டியரிங் அளவு வந்தது. மூன்று பேருக்கு ஒன்று போதும், நாங்கள் மூன்று வாங்கிவிட்டோம். முதல் வாய் சொர்க்கம், நான்காவது வாயில் நெஞ்சடைப்பு. அம்மா மேலே கட்டைச் சம்பல் தடவி முக்கால்வாசி முடித்தார்.

ஜூன் 18, ஞாயிறு. ஹெட்லேண்ட்

பழைய ஹார்ட்டில்பூல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. செயின்ட் ஹில்டா தேவாலயம், 13ஆம் நூற்றாண்டு. நாங்கள் போனபோது உள்ளே ஆராதனை, கதவருகே நின்ற பெண் பாதியில் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, பின்வரிசையில் உட்காருங்கள் என்று கிசுகிசுத்தார். அம்மா கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார், முழங்கால் வலி என்பதும் ஒரு காரணம்.

பிறகு கடலோரப் பீரங்கித் தளம், ஹியூ பாட்டரி. 1914 டிசம்பர் 16 காலை எட்டு மணிவாக்கில் மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் இதேபோன்ற ஒரு மூட்டத்திலிருந்து வெளிவந்து ஊரைச் சுட்டன. ஆயிரத்துக்கும் மேல் குண்டுகள், நூற்றுக்கும் மேல் சாவு, பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். இங்கிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டன. அதே காலையில் தெற்கே ஸ்கார்பரோ, விட்பி ஊர்களுக்கும் அடி.

அம்மா இதைக் கேட்டதும் 1942க்குப் போய்விட்டார். ஏப்ரல் 9, ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட நாள். அவர் பிறப்பதற்கு முன்பு, ஆனால் வீட்டில் சொல்லிச் சொல்லி மனப்பாடம். அங்கே சீனக்குடாவில் எண்ணெய்த் தொட்டி ஒன்றில் விமானம் ஒன்று மோதி, நாள்கணக்காக எரிந்ததாம், அவருடைய அம்மா கைப்பிள்ளையோடு காட்டுப்பக்கம் ஓடினாராம். நாயோடு நடைபோக வந்த ஒரு பெண் நின்று கேட்டார். நான் இடையிடையே ஆங்கிலத்தில் சொன்னேன். தன் பாட்டி 1914இல் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், பக்கத்துத் தெருவில் வீடு விழுந்தது, சாகும்வரை கதவு பலமாகச் சாத்தினால் திட்டுவார் என்றார் அவர். "என்ர அம்மாவும் அப்பிடித்தான்" என்றார் அம்மா, இதை நான் மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை, அந்தப் பெண் தலையாட்டிவிட்டார். நாய் இதற்குள் என் ஷூ நாடாவை அவிழ்த்துவிட்டது.

ஒரு டீ 1 பவுண்டு 80. குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

காரில் நண்பன் இன்னொன்று கண்டுபிடித்துச் சொன்னான். 1850களில் இந்தக் கப்பல் பசிபிக் பக்கம் சுற்றியதில், கனடாவின் மேற்குக் கரையில் கேலியானோ தீவை ஒட்டிய ஒரு நீரிணைக்கு டிரிங்கோமாலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. அம்மா உடனே கனடாவில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். "உங்கட நாட்டில எங்கட ஊர்ப் பேரில ஒரு கடல் இருக்காம், போய்ப் பாத்தனியோ?" என்று கேட்க, தங்கை, அது வான்கூவர் பக்கம், டொரோண்டோவிலிருந்து பிளேனில் ஐந்து மணி நேரம், அதற்கு ஊருக்கே வந்துவிடலாம் என்று சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. அந்த நேரம் பார்த்து சாலையோரம் ஸ்கார்பரோ என்று பலகை. தங்கை இருப்பதும் டொரோண்டோவின் ஸ்கார்பரோவில்தான். "இஞ்ச பார், உன்ர வீட்டுக்குப் பாதை போட்டிருக்கிறாங்கள்!" என்று அம்மா கத்தினார். தங்கைக்கு அதில் அக்கறையில்லை, கப்பல் பார்த்த இடத்தில் சாப்பாடு என்ன என்றார். அம்மா பார்மோவிலிருந்து ஆரம்பித்தார். வெதர்பி தாண்டி என்னை லீட்ஸில் இறக்கிவிடும்போது சீஸ் கட்டம்வரைதான் வந்திருந்தார்.